பக்கத்து இஸ்தோப்பு மணிச் சத்தம்

அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய முகம் இல்லை, கைகள். யாருடைய வாசலில் போய் நின்றாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போன பிள்ளை தலைமை வாத்தியாருக்கு முன்னால் நிற்குமே, அப்படி. "உள்ள வாங்க" என்றால் வருவாள். "ஒக்காருங்க" என்றால் உட்காருவாள். தானாக ஒரு செம்பைக் கூட எடுத்து நகர்த்தி வைக்க மாட்டாள்.

அடுத்ததாக ஞாபகம் வருவது பொறாமை. அவளுக்கு இல்லை, எனக்கு. இதை மறைத்து எழுதினால் அம்மனுக்கு அடுக்காது. நான் எட்டாம் வகுப்போடு கொழுந்தெடுக்க மலைக்குப் போனவள். வெள்ளிக்கிழமை விளக்குப் போடாமல் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. எழுதிப் பழக்கம் இல்லாவிட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் அவளை நான் 'அக்கா, வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். எழுதும்போது 'அவள்' என்றே வருகிறது. அதையும் திருத்தவில்லை.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறை போகிற பாதையில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணித்தியாலம் ஏற வேண்டும். எங்கள் லயத்தில் ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தகரம் இறக்கின ஒரு இஸ்தோப்பு. எங்கள் இஸ்தோப்புக்கும் பக்கத்து வீட்டு இஸ்தோப்புக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான் அவள் வந்தாள். புருசன் தவறின பிறகு பூனாகலையிலிருந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். அண்ணன் வெலிமடையிலிருந்து லீக்ஸும் கிழங்கும் ஏற்றுகிற லொறி ஓடினார். அண்ணன் பெண்சாதி பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை. பகலில் வீட்டில் அவள் மட்டும்தான்.

வந்த புதிதில் இரண்டு வருடம் எங்களோடு மலைக்கு வந்தாள். கொழுந்தெடுக்கும்போது ஆளுக்கொரு நிரை. பக்கத்து நிரைக் கொப்பு நம் பக்கம் சாய்ந்து கிடந்தால் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம், யாரும் பெரிதாக நினைக்க மாட்டோம். அவள் எடுக்க மாட்டாள். தளதளவென்று கொழுந்து அவள் வயிற்றில் உரசிக்கொண்டு நிற்கும். கொப்பை மெதுவாக விலக்கிவிட்டுப் போவாள்.

"என்னம்மா, அந்தக் கொப்புக்கு வேலி போட்டிருக்கா?" என்று கங்காணி கிண்டல் பண்ணினார்.

"அது அவங்க நெரைங்க" என்றாள்.

அவங்க என்றது என்னை. அன்றைக்குக் காலையில் நான் அவளுடைய நிரையிலிருந்து இரண்டு கை கொழுந்து அள்ளிப் போட்டிருந்தேன். அவள் பார்த்திருப்பாள். பார்க்காமல் இருக்கிற கண் இல்லை அது.

அப்புறம் முழங்கால் வலி வந்து மலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் போஞ்சி போட்டாள். தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்கு வருவாள். அங்கேயும் அதே கதை. முன்னால் இருப்பவளுடைய வாளி நிறைந்து வழிந்துகொண்டிருக்கும். நாங்கள் என்றால் தூக்கித் தள்ளி வைத்துவிட்டு நம் வாளியை வைப்போம். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீல வாளி யாருது? நெறஞ்சிருச்சி! நீல வாளி!" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவுவாள். நீல வாளிக்காரி வந்து எடுக்கும் வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சிரிக்கிற விசயமாகத்தான் இருந்தது, என் வீட்டுக்காரர் விழுகிற வரைக்கும்.

அந்த வருடம் மாசி மாதம், ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல் தட்டிலிருந்து இறங்கும்போது அவருக்குக் கால் வழுக்கிவிட்டது. இடுப்பு எலும்பு. ஒரு மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்து, நாலு கால் உள்ள வோக்கரோடு வீட்டுக்கு வந்தார். அடிபட்டது இடுப்பு, ஆனால் போனது பேச்சு. காலையில் இஸ்தோப்புக் கதிரையில் உட்கார வைத்துவிட்டுப் போனால், நான் பகல் கொழுந்து நிறுவை முடித்து வரும்போதும் அதே இருப்பு. சோறு வைத்தால் தின்பார். "வலிக்குதா?" என்றால் தலையை ஆட்டுவார். எழுந்து நடந்து பழகச் சொன்னார் டொக்டர். இவர் கேட்கவில்லை. கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடம் வாய் ஓயாமல் பேசின மனிசன். எங்கள் மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தால் கூட "ம்", "ம்" என்று சொல்லி என்னிடம் தந்துவிடுவார்.

நான் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய் நின்று அழுதேன். "ஆத்தா, நடக்கிறது மெதுவா நடக்கட்டும். இந்த மனுசன் ஒரு தடவ வாய்விட்டுச் சிரிக்கட்டும். ஆடித் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பீலிக்கரைக்கு ஓடினேன். இரண்டு வாளியோடு திரும்பி வருகிறேன், எங்கள் வாசலில் அவள் நின்று கத்துகிறாள். கை பின்னால்.

"அண்ணே! பாலு பொங்குது! அண்ணே, எந்திரிங்க! அடுப்ப அணைச்சிரப் போவுது!"

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அவர் வோக்கரை ஊன்றி, சுவரைப் பிடித்து, அடுப்படி வரை போய், சட்டியை இழுத்து இறக்கியிருந்தார். பாதிப் பால் சாம்பலில். அவருக்கு மூச்சு வாங்குகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏங்க்கா, நாலு எட்டு உள்ள வந்து எறக்கி வெச்சா கையா தேஞ்சிரும்? ஒடஞ்ச மனுசன எழுப்புறீங்களே!"

"உங்க அடுப்படி மதினி" என்றாள். "நான் எப்படிக் கை வெக்கிறது?"

பாலைப் பற்றித்தான் அன்றைக்கு முழுக்கப் புலம்பினேன். அவர் தானாக எழுந்து நடந்தது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு மறுநாள் மலையில் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

இனி அந்த மணிக்கு வருகிறேன்.

சமையலை முடித்துவிட்டு அவள் தன் இஸ்தோப்பில் உட்கார்ந்து போனில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் டிங் என்று ஒரு மணிச் சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது யாரோ சாமிக்குத் தீபம் காட்டுகிறார்கள் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். அடுத்த டிங் கேட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி, "அது என்னா மணி?" என்றார். வீட்டுக்கு வந்து அவராக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. என்னிடம் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டார்.

விளையாட்டு வேறொன்றும் இல்லை. நீளநீளமாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பல நிறத் தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கும். ஒரு குழாயைத் தொட்டு இன்னொன்றைத் தொட்டால் மேலே உள்ள நிறம் அதில் ஊற்றும். ஆனால் அதே நிறத்துக்கு மேல்தான் ஊற்றலாம், இல்லையென்றால் வெறும் குழாயில். கடைசியில் ஒவ்வொரு குழாயிலும் ஒரே நிறமாகச் சேர்க்க வேண்டும். ஒரு குழாய் சேர்ந்துவிட்டால் மூடி விழுந்து மணி அடிக்கும். அவ்வளவுதான். சின்னப் பிள்ளை விளையாட்டு.

அவள் அதைச் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடவில்லை. புது ஆட்டம் வந்தால் போனை மடியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் போகும். விரல் படாது. அப்புறம் எடுத்து, நிற்காமல், சரசரவென்று ஊற்றி முடித்துவிடுவாள். டிங் டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டே போகும். ஊற்றினதைத் திருப்பி எடுக்க ஒரு வளைந்த அம்பு இருக்கிறது. அதை அவள் தொட்டு நான் கண்டதில்லை.

எங்கள் போனிலும் அதைப் போட வேண்டும் என்று அவர் கேட்டார். எங்கள் போனைத்தான் அவள் தொட மாட்டாளே. சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அத அமுத்துங்க அண்ணே. இல்ல, அதுக்குக் கீழ. கீழங்க. ஐயோ, அது கமராங்க" என்று பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாளாம். டேட்டாவை நிற்பாட்டிவிட்டு விளையாடினால் விளம்பரம் வராது என்றும் அவள்தான் சொன்னாள். அவர் எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் எட்டிப் பார்ப்பாள். எங்கே ஊற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டாள். "இன்னுங் கொஞ்சம் பாருங்க அண்ணே" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நான் வேலை விட்டு வரும்போது இரண்டு பக்கமும் மணி அடிக்கும். எங்கள் பக்கம் ஒரு டிங். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் ஒரு டிங். எனக்குக் கொழுந்துச் சாக்குத் தூக்கின முதுகு வலிக்கும். இவர் தலையை நிமிர்த்தாமல் "வந்துட்டியா" என்பார். இரண்டு மாதமாக 'வந்துட்டியா' கூட இல்லாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். சந்தோசப்படத்தான் வேண்டும். எனக்குச் சந்தோசம் வரவில்லை.

இன்னொரு விசயமும் இருந்தது. எங்கள் லயத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை. அவளுடைய அண்ணனை என் வீட்டுக்காரர் 'மச்சான்' என்று கூப்பிடுவார். மச்சானுடைய தங்கச்சி என்ன முறை ஆகிறாள் என்று யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை. அவள் வந்த நாளிலிருந்து இவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். என்னை 'மதினி' என்றாள். அதனால் அவள் பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இவர் ஒரு நாளாவது 'தங்கச்சி' என்று கூப்பிட்டிருக்க வேண்டாமா? "இங்க பாருங்க", "ஏங்க, இத பாருங்க" என்பதோடு சரி. நான் சோறு வடிக்கும்போதெல்லாம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அந்த ஒரு சொல் வரவே இல்லை.

வைகாசியில் ஒரு பகல். சாப்பாட்டுக்காக இறங்கி வருகிறேன். பாதை திரும்புகிற இடத்தில் கேட்டது, அவருடைய சிரிப்பு. தும்மல் மாதிரி தொடங்கி, வயிறு குலுங்கி, கடைசியில் ஹீ ஹீ என்று மூச்சில்லாமல் போகிற சிரிப்பு. என் கால் ஓடியது. "ஆத்தா, தாயே" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். வாசலுக்கு வந்தால் இவர் இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"என்னா சிரிப்பு?" என்றேன்.

"ஒன்னுமில்ல புள்ள" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஒன்றுமில்லை என்றால் எனக்கு இல்லை என்றுதான் பொருள். அந்தச் சோற்றை நான் எப்படித் தின்றேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் பீலிக்கரையில் மேல் லயத்துப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். அவள் நாக்குக்குப் பயப்படாதவர்கள் எங்கள் தோட்டத்தில் இல்லை.

"ஏண்டி, பால்குடத்துக்கு மஞ்சள் சீல எடுத்துட்டியா?"

"இன்னும் சிரிக்கலையே பெரியம்மா."

"அடியே! நேத்து சிரிச்ச சிரிப்பு எங்க லயத்துக்கே கேட்டுச்சி. எங்க வீட்டு நாய் கொலைச்சிச்சி."

"அது அவங்ககூட வெளையாடிச் சிரிச்சது. என்கூடயா சிரிச்சாரு?"

பெரியம்மா வாளியைக் கீழே வைத்தாள். "ஆத்தாகிட்ட இன்னாருகூடத்தான் சிரிக்கணும்னு நீ எழுதியா குடுத்த? கேட்டது சிரிப்பு, குடுத்தது சிரிப்பு. வாங்கிட்டு இல்லங்குறியே, நீ கோர்ட்டுக்குப் போக வேண்டியவடி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் கணக்காக அம்மனிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்: இது அந்தச் சிரிப்பு இல்லை ஆத்தா. நான் கேட்டது வேற.

இரண்டு நாள் கழித்து மழையால் வேலை பாதியில் நின்றது. பின்பக்கமாக வந்து அடுப்படியில் ஈரத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். நான் வந்தது இஸ்தோப்பில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

"அந்தப் பச்சைய மொதல்ல எடுங்களேன் அண்ணே" என்கிறாள்.

"எது பச்ச?"

"செவப்புக்கு மேல இருக்கே."

"அதான் அன்னைக்கே சொன்னேனே. எனக்குச் செவப்பும் பச்சையும் ரெண்டுமே கருவாட்டுக் கொழம்பு நெறம்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பகல் சிரித்த சிரிப்பின் மிச்சம் அது என்று எனக்குப் புரிந்தது.

"பொறந்ததுல இருந்தேவா?"

"ஆமாங்க. ஸ்டோர்ல கொழுந்து வாடிருச்சான்னு நான் கையில தொட்டு, மோந்து பாத்துத்தான் சொல்லுவேன். நெறம் பாத்து இல்ல. ஒருத்தனுக்கும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால காப்பி மரம் இருக்கில்ல, பழுத்தத மட்டும் பறிங்கன்னு எங்க வீட்டு அம்மா அனுப்பும். நான் காயும் பழமுமா கொண்டாருவேன். வருசா வருசம் ஏச்சு."

"மதினிகிட்ட சொல்லலையா?"

"சொன்னா சும்மா இருக்குமா? சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணும். லயம் முழுக்கப் பாட்டாப் பாடிரும்."

"அது நீங்க மதினிகிட்ட சொல்ல வேண்டியது அண்ணே" என்றாள்.

நான் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். அந்தக் காப்பிப் பழத்துக்காக நான் அவரை ஏசாத வார்த்தை இல்லை. "கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று பிள்ளைக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அவர் இளித்துக்கொண்டு போவார். இருபத்திரண்டு வருடம் ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியாத ஒன்று, நாலு கிழமை சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. புருசன் இன்னொருத்தியின் கையைப் பிடித்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அதற்காவது போய்ச் சண்டை போட ஒரு முகம் இருக்கும்.

சண்டை போட்டேன். அன்றைக்குப் பின்னேரம் அவர் படுத்த பிறகு சுவருக்குக் கிட்டப் போய், "அக்கா, நீங்க உங்க வாசலப் பாத்து இருங்க. எங்க வீட்டு விசயம் எங்களோட இருக்கட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். புது ஆட்டம் வந்தால் போனைப் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சரிங்க மதினி" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் இஸ்தோப்புக்கு வரவில்லை. பின்னால் போஞ்சிப் பந்தலுக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போனில் சத்தத்தை நிறுத்திவிட்டாள் போல, மணியும் இல்லை. இவர் முதல் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள், "அவங்களுக்கு என்னா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். "எனக்கென்ன தெரியும்" என்றேன். மூன்றாம் நாள் போனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். பழையபடி "ம்" ஆகிவிட்டது வீடு.

இதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவளுடைய இடத்தில் நானே உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மலையில் தேத்தண்ணி நேரத்தில் போனை எடுத்துத் தனியாகப் பழகினேன். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நிறத்தைக் கண்டால் கை போய்விடுகிறது. ஊற்றுவேன், அடைத்துக்கொள்ளும், வளைந்த அம்பைத் தொட்டுத் தொட்டு அது தீர்ந்துவிடும். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கதிரையில் உட்கார வைத்து, "வாங்க, நான் பாக்குறேன், நீங்க வெளையாடுங்க" என்றேன். அவர் எடுத்தார். இரண்டு தரம் ஊற்றினார். நின்றார், யோசித்தார். என் விரல் போய் ஒரு குழாயைத் தொட்டுவிட்டது.

"ஐயோ கைய எடு புள்ள!"

"அதுக்குத்தான் மேல ஊத்தணும்."

"எனக்குத் தெரியும். கைய எடு. ஒனக்கு எதையும் அது பாட்டுக்கு விட்டுவெக்கத் தெரியாதா?"

போனை என் மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனி மாதக் கடைசியில் அவளுடைய அண்ணனுக்குப் பண்டாரவளைப் பக்கம் வீடு சரிவந்தது. அவர்கள் குடி போனார்கள். சாமானை லொறியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காருங்க என்று நான் சொல்லவில்லை. அதனால் அவளும் உட்காரவில்லை.

"மதினி, அந்த வெளையாட்டுல மேல ஓரத்துல பல்லுப் பல்லா ஒரு சக்கரம் இருக்கும். அத அமுத்துனா கீழ ஒரு கண்ணுப் படம் வரும். அந்தக் கண்ண அமுத்திவிட்டீங்கன்னா ஒவ்வொரு நெறத்து மேலயும் ஒரு அடையாளம் விழும். செவப்புக்குப் பூ, பச்சைக்கு எல, மஞ்சளுக்குப் பெற. அப்பறம் நெறம் தெரியாட்டியும் பரவாயில்ல."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். எனக்கு விசயம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எப்பத்துல இருந்து தெரியும் உங்களுக்கு?"

"நீங்க ஏசுனதுக்கு அப்பறம்தான், என் போன்ல தேடித் தேடிப் பாத்தேன். அண்ணன்கிட்ட சொல்லல. நீங்க போட்டுக் குடுங்க."

லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். அவள், "வாறேன் மதினி" என்றாள். நான் "சரி" என்றேன். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்க என்று கூட என் வாயில் வரவில்லை. லொறி போகிற சத்தம் முடக்கில் மறைகிற வரைக்கும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே சக்கரத்தை அமுத்தினேன். கண்ணை அமுத்தினேன். அவள் சொன்ன மாதிரியே பூவும் இலையும் பிறையும் வந்தன. அவர் எழுந்ததும் போனைக் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளப் போனவர் நின்றுவிட்டார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"எல... இதுல எல இருக்கு. அப்ப இது பச்சையா?"

"பச்சதான்."

"இது பூ. செவப்பு." விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "யாரு போட்டது இத?"

"யாரு போடணும்? நாந்தான் தேடிக் கண்டுபிடிச்சேன்."

"நீயா?" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அப்ப ஒனக்கு... என் கண்ணு விசயம் தெரியுமா?"

வாயில் வந்துவிட்டது: "இருவத்திரண்டு வருசமாக் காயும் பழமுமா பறிச்சிக்கிட்டு வாறீங்க. பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சிக்கிட்டேவா அந்தப் பேச்சுப் பேசுன?" என்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள். தும்மல் மாதிரி தொடங்கி, வயிறு குலுங்கி, ஹீ ஹீ என்று. என்னைப் பார்த்து. நான் கேட்ட சிரிப்பு, நான் கேட்ட மாதிரியே.

அதற்கப்புறம் வீட்டில் மணி நிற்கவில்லை. வோக்கரை ஊன்றிக்கொண்டு லயம் முழுக்க நடந்தார், எல்லாம் அந்தப் போனைக் காட்டத்தான். "எங்க வீட்டு அம்மா கண்டுபிடிச்சது. எட்டாம் வகுப்புத்தான். மூளையப் பாருங்க." தன் கண் விசயத்தையும் இப்போது கூசாமல் சொன்னார். "நான் மறைச்சேன், ஆனா அதுக்கு மொதல்லருந்தே தெரியுமாம்" என்பார். நான் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பெருமை ஒவ்வொன்றும் வேறொருத்தியுடையது. அவள் இல்லாத ஊரில் அவளுக்கு வர வேண்டிய புகழ் என் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் புகழ் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படியும் ஒரு பொறாமை உண்டு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஆடித் திருவிழா வந்தது. மஞ்சள் சேலை கட்டி, பால்குடம் தூக்கி, பீலிக்கரையிலிருந்து கோயில் வரை மேளத்தோடு நடந்தேன். அவரும் வோக்கரோடு கடைசி வரை வந்தார். பெரியம்மா குலவை போட்டாள். பாலை அம்மன் தலையில் ஊற்றினார்கள். அந்த வெள்ளைப் பாலுக்குள்ளிருந்து ஆத்தாவுடைய முகம் கறுப்பாக, ஈரமாக வெளியே வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பொய் சொல்லி வாங்கின சிரிப்புக்குப் பால் கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கும்மா?" என்றார்.

எப்போதும் வீட்டுக்காரர் பெயரைத்தான் சொல்வேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், அவளுடைய பெயரைச் சொன்னேன்.

அவர் திரும்பினார். "யாரு பேரச் சொல்ற புள்ள?"

"அந்தக் கண்ணு அமுத்துறத எனக்கு அவங்கதாங்க சொன்னாங்க" என்றேன். மேளச் சத்தத்தில் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. "உங்களுக்கு நெறம் தெரியாதுங்கிறதையும் நான் அடுப்படியில நின்னு ஒட்டுக் கேட்டதுதான். எனக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்கல. நான் ஏசித்தான் அவங்க வாசப் பக்கம் வராம போனாங்க."

அவர் வோக்கரின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

"நட்சத்திரம் சொல்லும்மா, கூட்டம் நிக்குதில்ல" என்றார் பூசாரி.

நட்சத்திரம். அவளுடைய கையைத் தெரியும், கால் வலியைத் தெரியும், போஞ்சிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவாள் என்று தெரியும். நட்சத்திரம் எனக்கெப்படித் தெரியும்?

"தெரியாதுங்க சாமி" என்றேன்.

"சதயம்" என்றார் அவர்.

பூசாரி மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நானும் கையைக் கூப்பினேன். கண்ணை மட்டும் மூடவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.